மதர் வருது

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி தேவராஜன் வீடு எது என்று கேட்டால், "ஓட்ட ரேடியோ வூடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். தேவராஜனுக்கு அந்தப் பேரில் ஏகப்பட்ட பெருமை. அவர் மனைவி பார்வதிக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

தேவராஜன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து நாட்டைத் திருத்துவார்கள், இல்லையென்றால் சர்க்கரையைக் குறைக்க ஏரிக்கரையில் நடப்பார்கள். இவரோ செத்துப்போன ரேடியோ, டேப் ரெக்கார்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றின் வயிற்றையும் கிழித்து, உள்ளே இருக்கும் பச்சைப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து வீட்டின் நடு ரூமில் அடுக்கினார். கட்டில் போட்டுப் படுக்க வேண்டிய ரூமில் கரப்பான் பூச்சிகள்தான் சொகுசாகக் குடியிருந்தன.

ஒரு பைத்தியம் என்றால் வைத்தியம் பார்க்கலாம். இவருக்கு ஒரு கூட்டமே இருந்தது. தொண்டை நாட்டுப் பழைய எலக்ட்ரானிக்ஸ் அன்பர் குழு என்று பேர். ஞாயிற்றுக்கிழமையானால் வந்துவிடுவார்கள். யாரும் பழைய பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்ததில்லை. ஏசி காரில் வந்து இறங்கி, கையில் புத்தம் புது போனை வைத்துக்கொண்டு, "அந்தக் காலம் மாதிரி வருமா சார்?" என்பார்கள். பார்வதி போடும் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைப் பலகைகளுக்கு நடுவே வைத்துவிட்டுப் போவார்கள். அதைத் தேடி எடுப்பது அவள் வேலை.

அவர்களில் ஸ்ரீகாந்த் என்பவன் முக்கியப் புள்ளி. சென்னையில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். பலகையைக் கையில் எடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பான். "ஆஹா! அந்தக் காலத்து ஈயம் சார்!" என்று கண்ணை மூடிக்கொள்வான். அவன் வீட்டில் மாவு புளித்துப் பொங்கி வழிந்தால் அவன் மூக்குக்குத் தெரியுமா என்று பார்வதிக்குச் சந்தேகம். பலகையில் ஓடும் கோடுகள் வளைந்து வளைந்து போவதைக் காட்டி, "கையால வரைஞ்சது சார், இன்னைக்கு மெஷின் போடுற கோட்டுல இந்த ஜீவன் உண்டா?" என்று தழுதழுப்பான். பக்கத்தில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

எப்போதாவது ஒரு ரேடியோவுக்கு உயிர் வந்துவிடும். பாட்டு வராது, 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல்தான் வரும். அதற்கே கைதட்டுவார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். வயது வந்த ஆண்பிள்ளைகள் இரைச்சலைக் கேட்டு அழுவதை இந்த ஒரு வீட்டில்தான் பார்க்கலாம். பார்வதி சமையல்கட்டில் நின்றபடி, "த்தூ, இதுக்கு ஒரு மீட்டிங்கு" என்று சொல்லிக்கொள்வாள்.

இத்தனை வருஷம் இப்படித் துப்பிவிட்டு இதைப் பொறுத்துக்கொண்டாள். இப்போது அப்படி விட முடியவில்லை. மகள் சாந்தினி தலைப்பிரசவத்துக்கு வர வேண்டும்.

சாந்தினியைத் தாமல் என்ற ஊரில் கொடுத்திருந்தது. வளைகாப்பு முடிந்த கையோடு தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்பது முறை. ஆனால் சம்பந்தியம்மா அம்முலு முன்கூட்டியே போனில் ஒரு வார்த்தை போட்டுவிட்டாள். "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. ஒங்க வூட்ல ஒயரும் ஈயப் பொகையுமா கீது. புள்ளத்தாச்சிக்கு ஆவாது. எடம் இல்லன்னா சொல்லிடுங்க, இங்கயே பெத்துக்கட்டும்."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது? பெற்ற பெண்ணின் பிரசவத்தைப் பார்க்க வக்கில்லாத வீடு என்று ஊர் பேசும். ஊர் பேசினால் போகட்டும். சாந்தினி ராத்திரி போன் செய்து, "எனக்கு பயமா கீதும்மா, நீ பக்கத்துல இருந்தா போதும்" என்று சொன்னதுதான் பார்வதியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மாமியார் வீட்டில் பிரசவம் என்றால் அவள் எப்படிப் பக்கத்தில் இருப்பாள்? சம்பந்தி வீட்டில் ஒரு வேளைக்கு மேல் கை நனைப்பது அவர்கள் ஊர்ப் பக்கத்தில் கேவலம்.

"நடு ரூம காலி பண்ணுங்க" என்று புருஷனிடம் சொன்னாள். கெஞ்சினாள். கத்தினாள்.

"ஒவ்வொண்ணும் ஒரு சரித்திரம்டி" என்றார் தேவராஜன்.

"ஒங்க சரித்திரத்துல கரப்பான் முட்ட வெச்சிருக்குது. போய்ப் பாருங்க."

அவர் போகவில்லை. ஸ்குரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தார்.

இங்கே பார்வதியின் வேலையைச் சொல்லியாக வேண்டும். அவள் அங்கன்வாடி டீச்சர். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, எடை பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அந்த வேலையில் கர்ப்பிணி என்று யாரும் வாயால் சொல்வதில்லை. நர்ஸ் வந்தால் "மதர் வந்தாச்சா?" என்பாள். "இந்த மதருக்கு ரத்தம் கம்மி", "அந்த மதருக்கு ஊசி போட்டாச்சா?" என்று நாள் முழுக்க மதர்தான். பார்வதி வீட்டிலும் அப்படியேதான் பேசுவாள். மகள் மாசமானதும், "நம்ம வூட்லயே ஒரு மதர் ஆயிடுச்சி" என்று சிரித்தவள் அவள்.

வளைகாப்புக்கு முந்தின வாரம் அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தேவராஜன் கிணற்றடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். குரலில் அப்படி ஒரு குழைவு. கல்யாணமான புதிதில்கூட அவள் அதைக் கேட்டதில்லை.

"ஆமாம்பா, மதர் ஞாயித்துக்கெயம வருது. ரொம்ப வீக்கா கீது, வண்டியில ஒரு குலுக்கல் தாங்காது. பதமா இட்டாரணும். தூசு ஆவாது, சூடு ஆவாது. நடு ரூம காலி பண்ணிடறேன். பெட்டு ரெடி பண்ணணும். நான் கண்ணும் கருத்துமா பாத்துக்கறேன், என் கொயந்த மாதிரி."

அவர்கள் பக்கத்தில் பெண்பிள்ளையைச் செல்லமாக 'அது வருது, இது போவுது' என்றுதான் சொல்வது. ஞாயிற்றுக்கிழமைதான் வளைகாப்பு. பார்வதி ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். இந்த மனுஷனை என்னவெல்லாம் திட்டினோம், உள்ளுக்குள் இவ்வளவு பாசமா என்று உருகிப் போனாள். அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தப் பாசத்துக்குக் கண் பட்டுவிடும் என்று பயந்தாள்.

அடுத்த நாளே ரூம் காலியாயிற்று. சரித்திரம் முழுவதும் சாக்குப் பையில் கட்டி ஹாலுக்கும் மாடிப்படிக்கும் போனது. சுவருக்கு வெள்ளையடித்தார். ஜன்னலுக்கு வலை அடித்தார். எத்தனையோ கத்திரி வெயிலில் அவள் கேட்டும் வராத ஏசி, ஆள் வைத்து மாட்டப்பட்டது. சுவரோரம் ஒரு நீள மேஜை வந்தது, அதன் மேல் மெத்தென்று பச்சை ரப்பர் விரிப்பு. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க, துணி மாற்ற என்று பார்வதி கணக்குப் போட்டாள்.

"கட்டில் இன்னும் வரலையே?" என்று மட்டும் கேட்டாள்.

"பெட்டு ஸ்ரீகாந்த் எடுத்துக்கினு வரான்" என்றார். முதல் முறையாக ஸ்ரீகாந்தின் மேல் அவளுக்கு மரியாதை வந்தது.

வளைகாப்புக்கு அவர் தாமலுக்கு வரவில்லை. "மதர் வரும்போது நான் வூட்ல இருக்கணும்" என்றார். அதுவும் சரியென்றுதான் அவளுக்குப் பட்டது. பெண்கள் வளையல் போடும் இடத்தில் ஆண்களுக்கு என்ன வேலை?

தாமலில் பார்வதிக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டுச்சாதத்தைப் பரிமாறிக்கொண்டே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "ஏசி மாட்டிட்டாரு. சுவத்துக்குச் சுண்ணாம்பு. தாமலுக்குக்கூட வராம, மதருக்கு ரூமு பண்ணிக்கினு கீறாரு எங்க வூட்டுக்காரரு." அம்முலுவின் முகத்தைப் பார்த்துதான் சொன்னாள். அம்முலு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "நானும் கூட வந்து ஒரு பார்வ பாத்துட்டு வரேன்" என்று பார்வதி கொண்டுவந்த வாடகைக் காரில் ஏறிக்கொண்டாள்.

வளையல் நிறைந்த கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சாந்தினி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "நைனாவா ஏசி மாட்டிச்சி?" என்று வழியெல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

வீட்டு வாசலில் நிறைய கார்கள் நின்றன. உள்ளேயிருந்து சூட வாசனை வந்தது. மகளை வரவேற்க ஆள் கூட்டியிருக்கிறாரே என்று பார்வதிக்கு மறுபடி கண் கலங்கியது. தேவராஜன் புது வேட்டியும் நெற்றியில் குங்குமமுமாக ஓடி வந்தார். உதட்டில் விரலை வைத்தார்.

"செருப்ப வெளியவே வுட்டுருங்க. சத்தம் வாணாம். மதர் உள்ள கீது."

அம்முலு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாண்ணா சொல்றீங்க? மதர் இங்க கார்ல கீறா."

பார்வதி உள்ளே போனாள். வெள்ளையடித்த ரூமில், குளுகுளு ஏசியில், பச்சை விரிப்பின் மேல், நாலு இரும்புக் காலில் நின்ற ஒரு சட்டத்தில் பெரிய பச்சைப் பலகை ஒன்று படுத்திருந்தது. பலகைக்குக் குங்குமம் வைக்கப் பயந்து சட்டத்துக்கு வைத்திருந்தார்கள். சுற்றிலும் அன்பர் குழு கைகட்டி நின்றது.

"ஆன்ட்டி, வாங்க வாங்க!" என்றான் ஸ்ரீகாந்த். "மதர்போர்டு! நம்ம ஊர்லயே செஞ்ச முதல் கம்ப்யூட்டர்கள்ல ஒண்ணு. கம்பெனி மூடியே எவ்ளோ காலம் ஆச்சு. இது டெஸ்ட் பெட், போர்டைப் படுக்க வெச்சு சோதிக்கிற சட்டம், நானே செஞ்சேன். இன்னும் கொஞ்ச நேரத்துல பவர் போடறோம்."

அவள் அந்தப் பலகையைப் பார்த்தாள். தூக்கிப் போட்டு உடைக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. உடைப்பதற்கும் ஒரு பொருள் வேண்டும், இது அதற்குக்கூட லாயக்கில்லை என்றுதான் தோன்றியது. கிணற்றடியில் இவருடைய குரல் குழைந்தது இதற்காகத்தானா? இதைக் கேட்டா துணியில் முகத்தைப் புதைத்து அழுதோம்?

"எம் பொண்ணு எங்க படுக்கறது?" என்று கேட்டாள்.

தேவராஜன் நிஜமாகவே யோசித்தார். "ஹால்ல ஃபேன் கீதே. அந்த மூட்டைங்கள கொஞ்சம் நவுத்திக்கினா போச்சி. மதர் செட்டாவறதுக்குக் கொஞ்ச நாள் ஆவும், அதுவரைக்கும் ஏசியில இருந்தாவணும். அப்பறம் ரூம குடுத்துடறேன்."

நிலைப்படியில் சாந்தினி நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கி வந்தாளோ தெரியாது. "பரவால்லமா, நான் ஹால்லயே படுத்துக்கறேன்" என்றாள். அவள் சண்டைக்குக்கூட வரவில்லை. சின்ன வயதிலிருந்து அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போனவளின் குரல். அதுதான் பார்வதியால் தாங்க முடியவில்லை.

அம்முலு சிரிப்பாள், நாளைக்குத் தாமல் முழுக்கச் சொல்லுவாள் என்று பார்வதி காத்திருந்தாள். அம்முலு ஹாலில் கிடந்த மூட்டைகளைப் பார்த்தாள், ரூமில் நின்ற ஆண்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள், கடைசியில் பார்வதியின் தோளைத் தொட்டாள்.

"சம்பந்தி, ரெண்டு பொடவ எடுத்துக்கினு வாங்க. நம்ம வூட்ல ஒரு ரூமு கீது, ஒங்களுக்கும் எடம் கீது. பொண்ணு ஒங்க பக்கத்துலயே பெத்துக்கட்டும்."

"சம்பந்தி வூட்ல வந்து எப்படி..."

"ஊரு கேட்டா நான் பேசிக்கறேன். நீங்க கெளம்புங்க."

பார்வதி கிளம்பினாள். பையில் புடவைகளை அள்ளிப் போட்டாள். பிரசவத்துக்கென்று ஏற்கெனவே லீவு சொல்லியாகிவிட்டது. ஹாலைத் தாண்டும்போது ரூம் கதவு சாத்தியிருந்தது. தூசு வரக்கூடாது அல்லவா.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் கதவைச் சாத்தவில்லை. வெட்கக்கேடுதான், ஆனாலும் காத்திருந்தாள். அந்த மனுஷன் ஒரு தரம் வெளியே வந்து 'எங்க போறீங்க?' என்று கேட்டால்கூடப் போதும், இறங்கி வந்து அந்த மூட்டைகளைத் தானே நகர்த்தியிருப்பாள்.

உள்ளே திடீரென்று கைதட்டல் கேட்டது. யாரோ விசில் அடித்தார்கள். தேவராஜன் வேட்டி தடுக்க ஓடி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு, கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காரில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், மடியில் ஏன் பை இருக்கிறது என்று எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

"உயிரு கீது பார்வதி! மதருக்கு உயிரு கீது!"

"ஆமா, கீது" என்றாள் பார்வதி. மகளின் வளையல் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தினாள். "தம்பி, வண்டிய எடுங்க. குலுக்காம ஓட்டுங்க."