கொழுந்தன் செடி

கண்ணாடிக்காரி மரம் படிக்கப் போனதற்கு ஒரு வாடிக்கையாளர்தான் காரணம். அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டதும் ஆளை வாசலுக்கு அழைத்துப்போய், எதிர்ச்சாரி மரத்தைக் காட்டி, "இலை இலையா தெரியுதா?" என்று கேட்பாள். அன்று வந்தவருக்கு இலை தெரிந்தது, காம்பு தெரிந்தது, காம்பில் ஊர்ந்த எறும்புகூடத் தெரிந்தது.

"சரி, இது என்ன மரம்?" என்றார்.

கண்ணாடிக்காரி திருதிருவென்று விழித்தாள்.

"எனக்கு எல்லாம் தெளிவாத் தெரியுதும்மா. உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியல போல."

அவர் போய்விட்டார். சொன்ன சொல் மட்டும் மீன்முள்ளாய் அவள் தொண்டையில் நின்றுகொண்டது. பெரிய பூங்காவில் ஞாயிறு காலைகளில் நடக்கும் மரம் அறியும் வகுப்பில் அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள்.

வகுப்பெடுத்தவர் ஊதினால் பறந்துவிடுகிற உடம்புக்காரர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஈர்க்குச்சி. மரங்களின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

"பூவைப் பார்த்து ஏமாறாதீங்க. பூ இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போயிடும். இலையைப் பாருங்க. எதிரெதிரா இருக்கா, மாறி மாறி இருக்கா? கிள்ளினா பால் வருதா? பட்டை உரியுதா? அப்புறம், அந்த மரத்துக்கிட்ட யார் வர்றாங்க, யார் எட்டிக்கூடப் பார்க்கிறதில்லைன்னு கவனிங்க. மனுஷனைத் தெரிஞ்சுக்கற மாதிரிதான்."

கண்ணாடிக்காரி இமை கொட்டாமல் கேட்பாள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் ஆற்றில் கரைத்த புளியாகிவிடும். வாரங்கள் போயும் மறக்காமல் நின்றது ஒரே ஒரு மரம், தூங்குமூஞ்சி. பொழுது சாய்ந்தால் அது இலையை மடக்கிக்கொள்ளும். அவள் கணவரும் அப்படித்தான். மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறவர், மெத்தையின் சுகத்தைக் காட்டுகிறேன் என்று படுத்து, வாங்க வந்தவர்களே தட்டி எழுப்பும்படி ஆனவர்.

அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. மனுஷனைத் தெரிந்துகொள்வது மாதிரிதான் என்றால், சொந்தத்தில் ஆளுக்கா பஞ்சம்?

தைலமரத்தைப் பெரிய மாமாவாக்கினாள். மாமா வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றி எறிவார், அது பட்டையை உரித்துப் போடும். அதன் நிழலில் புல்லுகூடச் சரியாக முளைக்காது, மாமா உட்கார்ந்த இடத்திலும் வேறு யாரும் வாய் திறக்க முடியாது. பூத்தால் தெருவுக்கே தலை வலிக்கும் ஏழிலைப்பாலை, வாசனைத் திரவியத்தில் குளிக்கும் சித்தப்பா. உண்ணிச்செடிக்குத்தான் அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அழகுக்கென்று எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த செடி, மெல்ல மெல்லக் காட்டையே வளைத்துப் போட்டுவிட்டது என்று ஈர்க்குச்சி சொன்ன மாத்திரத்தில் அவள் கொழுந்தன் கண்முன் வந்து நின்றான். ஏதோ நேர்முகத் தேர்வு, ரெண்டே நாள் என்று வந்தவன். முதலில் சோபாவைப் பிடித்தான், அடுத்து பால்கனியை, இப்போது அலமாரியில் பாதி அவனுடையது.

வழி பலித்தது. காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் உறவுமுறையை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கத் தொடங்கினாள். ஈர்க்குச்சியே அசந்துபோனார்.

கடைசி ஞாயிறு அன்று மாணவர்கள் தங்கள் குடும்பத்தாரை அழைத்துவந்து, ஆளுக்கொரு பாதையாகச் சுற்றிக்காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. கணவர் கொட்டாவியோடு வந்தார். கொழுந்தன் காதில் பாட்டோடு வந்தான். மாமியார் வந்த தோரணையே வேறு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர். பாதை தொடங்குமுன்பே, "முன்னால போங்க, முன்னால போங்க, வழியில நிக்காதீங்க" என்று அடுத்தவர் குடும்பங்களையும் சேர்த்து நகர்த்திவிட்டார்.

கண்ணாடிக்காரி பதற்றத்தோடு முன்னால் நடந்தாள். முதல் வளைவில், மஞ்சளும் இளஞ்சிவப்புமாய்ப் பூத்துக் கிடந்தது உண்ணிச்செடி. பெயர் நுனிநாக்கில் நின்றது, வெளியே வரவில்லை. கூட்டம் காத்திருந்தது.

"இது... எங்க கொழுந்தன்," என்றாள்.

வாயிலிருந்து வந்தது வந்ததுதான். பயந்துபோன வாய் நிற்கவும் இல்லை. "பார்க்க லட்சணமா இருக்கும். வந்தா லேசுல போகாது. வெட்ட வெட்டத் துளிர்க்கும். பக்கத்துல இன்னொண்ணைத் தலையெடுக்க விடாது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கொழுந்தன் காதிலிருந்ததைக் கழற்றினான். "அண்ணி! வேலை கிடைச்சதும் போறேன்னுதானே சொன்னேன்?"

"தம்பி, நான் செடியைத்தான் சொன்னேன்..."

"செடி எங்கயாவது வந்துட்டுப் போகுமா?" என்றார் மாமியார். மகனைப் பார்த்து அல்ல, மருமகளைப் பார்த்து. "அப்ப வீட்டுல எல்லாருக்கும் ஒரு மரம் வச்சிருக்கே. நான் எது?"

இதற்குள் மற்றப் பாதைக்காரர்களும் தங்கள் மரங்களை அம்போவென்று விட்டுவிட்டு இங்கே கூடிவிட்டார்கள். கண்ணாடிக்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். நல்லவேளையாக ஒரு செண்பகம் தென்பட்டது.

"நீங்க செண்பகம், அத்தை. நல்ல வாசனை."

"இல்லியே," என்றார் கணவர், பெஞ்சில் பாதித் தூக்கத்தில். "காய் நறுக்கறப்ப வேற என்னமோ சொல்லுவியே. குளத்தோரமா, பனையை இறுக்கிக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்குதே, அந்த ஆல். அதானே அம்மா?"

தூங்குமூஞ்சி மரம் பகலில் விழித்திருக்கும் என்பதை அவள் மறந்துதான் போனாள்.

மாமியார் குளத்தோரம் நடந்தார். கூட்டம் பின்னாலேயே போனது. பனையின் மட்டை இடுக்கில் பறவை எச்சத்தோடு விழுந்த விதை ஒன்று ஆலாகி, வேர்களைக் கீழே இறக்கிப் பனையைப் பின்னிப் பிடித்திருந்தது. உச்சியில் மட்டும் நாலு பனையோலை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மாமியார் இடுப்பில் கை வைத்து, மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"உள்ள மாட்டிக்கிட்டிருக்கறது யாரு? என் மகனா?"

"இல்லை அத்தை," என்றாள் கண்ணாடிக்காரி, பூனைக்குட்டிக் குரலில். "நான்தான்."

ஈர்க்குச்சிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். "அம்மா, மத்த மரத்துல பழமே இல்லாத காலத்துலயும் இதுல பழம் இருக்கும். கிளி, மைனா, அணில், வவ்வால்னு அத்தனைக்கும் அப்ப இதுதான் சாப்பாடு. இந்த ஒரு மரத்தை எடுத்துட்டா பூங்காவுல பாதி பட்டினி."

மாமியார் முகம் மலர்ந்தது. "கேட்டியா? பாதி பட்டினி!" என்று மருமகள் முதுகில் ஒன்று வைத்தார். "உனக்கு என்ன குறைச்சல்? உச்சியில பச்சையாத்தானே இருக்கே. சார், அடுத்த வகுப்பு எப்பத் தொடங்குது?"

அடுத்த ஞாயிறே சேர்ந்தும்விட்டார். மூன்றாவது வாரம் வீடு திரும்பியவர், மருமகளுக்கும் ஒரு செடி பார்த்து வைத்துவிட்டதாக அறிவித்தார். "தொட்டாச்சிணுங்கி. சும்மா சுருங்குதேன்னு கை வைச்சா, கீழ முள்ளு." கண்ணாடிக்காரிக்குச் சுருக்கென்றது. சுருங்கினால் அவர் சொன்னது சரியாகிவிடும் என்பதால் நிமிர்ந்து நின்றுகொண்டாள். பிறகு இருவரும் சேர்ந்து கணவரின் அக்காவுக்கு எந்த மரம் பொருந்தும் என்று ஆராயத் தொடங்கினார்கள். அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியில் நின்றது அதுதான் முதல் தடவை.

ஒருநாள் மாமியார் எலுமிச்சைக் கிளை ஒன்றை ஒடித்துவந்து, டம்ளர் தண்ணீரில் செருகிச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். இலையின் மேல் காக்கை எச்சம் போல் ஏதோ ஒட்டியிருந்தது. கொழுந்தன் சாப்பிட உட்கார்ந்தான். வீட்டில் தானும் உதவி செய்கிறவன் என்று காட்டிக்கொள்ளும் காலம் அது. ஈரத்துணியை எடுத்து எச்சத்தைத் துடைத்தான்.

எச்சம் தலையைத் தூக்கியது. தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ரெட்டைக் கொம்பை நீட்டி, குப்பென்று ஒரு நாற்றத்தையும் விட்டது. கொழுந்தன் போட்ட அலறலில் கணவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மாமியார் அடுக்களையிலிருந்து ஓடிவந்தார்.

"டேய், கத்தாதடா! பட்டாம்பூச்சி ஆகப்போற புழு, பாவம், எப்படிப் பயந்துபோயிருக்கு பாரு."