அச்சுக்குப் பின்னால் வைத்த பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டயர்கடை வாசலில் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றுவிட்டன. யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. நீண்ட பயணம் கிளம்பும் முன் டயர்கடைக்காரரின் கண்ணில் ஒரு முறை பட்டுவிட்டுப் போனால்தான் அந்தக் கூட்டத்துக்கு மனம் ஆறும். அவருடைய அப்பா ஆரம்பித்த கடை. நாற்பத்தாறு வருஷத்தில் அந்த வாசலிலிருந்து கிளம்பிய ஒருத்தர்கூட வண்டிக் கோளாறால் கீழே விழுந்தார் என்ற பேச்சு வந்ததில்லை. வீடு, வாசல், நகை எல்லாவற்றையும்விட அந்தக் குடும்பம் பத்திரமாக வைத்திருந்தது அந்தப் பேரைத்தான்.

டயர்கடைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நடந்தார். சட்டை மடிப்புக் கலையவில்லை. இடது முழங்கால் மட்டும் ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

"இது கையுறையா, தட்டு கழுவுற துணியா?"

பேக்கரிக்காரர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "விரல் நுனிதாண்ணே கொஞ்சம் கிழிஞ்சிருக்கு."

"விழுந்தா மொதல்ல தரையில ஊனுறது கைதான். நாளைக்கு மாவு பிசையணுமா வேண்டாமா? உள்ள புதுசு இருக்கு, மாட்டிக்கிட்டு வா. ஷூ கயிறை உள்ள சொருகு. கியர்ல மாட்டிச்சுன்னா காலை ஊன முடியாம வண்டியோட சாய்வே."

அடுத்து மீசை. எட்டூருக்குத் தெரியும் மீசை வைத்திருந்ததால் அவருடைய சொந்தப் பேர் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

"என் டயர்ல குறை சொல்ல முடியாதுண்ணே. பட்டன் எல்லாம் தேயாம அப்படியே இருக்கு."

"பட்டன் இருந்தா ஆச்சா? பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கு பாரு. கடைசி ரெண்டும் வருஷம். இது செஞ்சு ஒன்பது வருஷம் ஆச்சு. ரப்பர் காஞ்சு கட்டையாயிடுச்சு. ஈர ரோட்டுல பிரேக்கைத் தொட்டா உன் மீசைதான் ரோட்டைப் பெருக்கும். உள்ள கொண்டு வா, மாத்தி விடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மீசையும் சிரித்துக்கொண்டே வண்டியை உருட்டினார். டயர்கடைக்காரர் சொன்னால் சொன்னதுதான். அந்த வாசலில் மறுபேச்சு இல்லை.

வரிசையின் கடைசியில் மாப்பிள்ளை நின்றார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். மகள் தானாகத் தேர்ந்தெடுத்து வந்து நிறுத்தியவர். டயர்கடைக்காரர் அன்று வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று வருஷமாக மரியாதையில் ஒரு குறையும் வைத்ததில்லை. மரியாதையைத் தாண்டி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதும் இல்லை.

மாப்பிள்ளையின் வண்டிக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லர். இரண்டு மாதம் உட்கார்ந்து அவரே அறுத்து, ஒட்டி, சாயம் அடித்தது. இரண்டு சக்கரம், நடுவில் ஒரு அச்சு, முன்னால் நீண்ட குழாய், அதன் நுனியில் பைக்கின் பின்புறத்தில் மாட்டும் கொக்கி. மொத்தக் கூட்டத்தின் கூடாரங்களும் உபரி டயர்களும் ஒரு பெரிய இரும்புக் கருவிப்பெட்டியும் அதில் ஏறியிருந்தன.

"மாப்பிள்ளை, அந்த இரும்புப் பெட்டியை எங்க வச்சிருக்கீங்க?"

"அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி மாமா."

"முன்னாடியா? அவ்வளவு பாரமும் கொக்கி மேல உட்காருமே. பைக்கோட பின்பக்கம் அமுங்கினா முன்சக்கரம் லேசாயிடும். ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது. பெட்டியைக் கொண்டுபோய்ப் பின்னால வைங்க. பைக்குக்குச் சுமை தெரியக் கூடாது."

"இல்ல மாமா, பத்துல ஒரு பங்கு பாரம் கொக்கி மேல…"

"நாப்பது வருஷமா வண்டிக்குப் பாரம் கட்டுறவன் சொல்றேன்."

பேக்கரிக்காரர் புதுக் கையுறையைத் தட்டிக்கொண்டே, "மாமனார் பரீட்சை வைக்கிறாருப்பா, பார்த்து எழுதுங்க!" என்றார். மறுபடியும் சிரிப்பு. மாப்பிள்ளையின் நெற்றியில் ஒரு நரம்பு புடைத்து அடங்கியது. பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து பெட்டியின் பிடியைப் பற்றினார்.

மகள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்தாள். "அப்பா, அவர் தராசு வச்சு நிறுத்துதான் வச்சிருக்காரு."

"பெரியவங்க பேசும்போது நடுவுல வராதம்மா. ஹெல்மெட் பட்டை தொங்குது பார், மாட்டு."

பெட்டி பின்னால் போனது. கயிற்றை டயர்கடைக்காரரே வாங்கிக் கட்டினார். இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, அப்பா காலத்து முடிச்சு. அந்தக் கடையில் கட்டிய கட்டை, போய்ச் சேரும் வரை யாரும் அவிழ்க்கக் கூடாது. கூட்டத்தில் எல்லோரும் அறிந்த வழக்கம் அது. இருந்தும் மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு முறை சொல்லிவைத்தார்.

"சரிங்க மாமா. நீங்க கட்டினபடியே போகும்," என்றார் மாப்பிள்ளை.

மீசையின் டயர் மாறியதும் எல்லோரும் போனை அணைத்துப் பைக்குள் போட்டார்கள். அதுவும் அந்த வாசலின் சட்டம்தான். மறுநாள் பயணம் முடியும் வரை போன் திறக்கக் கூடாது. ஏழே முக்காலுக்கு வரிசை கிளம்பியது. தெருமுனையில் ட்ரெய்லர் திரும்பியபோது அதன் வால் இடமும் வலமுமாக இரண்டு தரம் அசைந்து நின்றது. பள்ளம், என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு டயர்கடைக்காரர் உள்ளே வந்தார்.

ஆனால் அந்த அசைவு கண்ணை விட்டுப் போகவில்லை. பழைய டயரைத் தூக்கி வைத்தார், கணக்கு மறந்தது போல நின்றார், மறுபடி வாசலுக்கு வந்து தெருமுனையைப் பார்த்தார். அந்த இடத்தில் பள்ளமே இல்லை. போன மாதம்தான் புதுத் தார் போட்டிருந்தார்கள்.

கடையில் டயர் ஏற்றும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று இருந்தது. அதன் பின்கோடியில் நான்கு கனத்த டயர்களை அடுக்கினார். கைப்பிடியைப் பிடித்து முற்றத்தில் இழுத்தார். கைப்பிடி அவர் கையிலிருந்து மேலே கிளம்பப் பார்த்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டு சரிவான பக்கம் வேகமாக இறக்கினார். வண்டி இடதுபக்கம் வெட்டியது. இவர் இழுக்க, வலதுபக்கம் இன்னும் பலமாக வெட்டியது. மூன்றாவது வெட்டில் அவரையே சுவர் மேல் சாய்த்தது.

வீட்டிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இந்த வயசுல வண்டி இழுத்து விளையாடுறீங்களா?"

அவர் சுவரைப் பிடித்து நிமிர்ந்தார். டயர்களை முன்பக்கம் மாற்றிவைத்து மறுபடி அதே சரிவில் இறக்கினார். கையில் பாரம் உட்கார்ந்தது. வண்டி கோடு கிழித்த மாதிரி நேராக வந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. நாற்பது வருஷத்தில் அவர் பைக்கின் மேல் பாரம் கட்டியிருக்கிறார். பைக்குக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லரை ஒரு நாள்கூட இழுத்ததில்லை.

"நான் தப்பா கட்டிட்டேன்," என்றார். மனைவிக்குக் கேட்கிற அளவுக்குத்தான் குரல் வந்தது. "மலை ஏறுற வரைக்கும் தாங்கும். ஏற்றத்துல வேகம் இருக்காது. அந்தப் பக்கம் இறங்கும்போது தள்ளிவிட்டுடும். நம்ம பொண்ணு பின்னால உட்கார்ந்திருக்கா."

மனைவி இடுப்பில் செருகியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "டீ குடிக்க மலை உச்சி பெட்ரோல் பங்க்ல நிப்பாங்கல்ல? அங்க போன் பண்ணுங்க. நம்பர் சுவத்துலயே எழுதி வச்சிருக்கீங்களே."

"பண்ணி? என் மாப்பிள்ளைகிட்ட நான் தப்புப் பண்ணிட்டேன்னு பெட்ரோல் போடுறவங்க சொல்லணுமா? நான் கட்டினதை நானே போய் அவிழ்க்கிறேன்."

"ஏங்க, இது கௌரவம் பார்க்கிற நேரமா?"

"இன்னும் ஒண்ணே கால் மணி நேரம் இருக்கு. ஒன்பதரைக்கு முன்னாடி அவங்க அங்கிருந்து நகர மாட்டாங்க."

அவருடைய பழைய வண்டி உறைக்குள் எட்டு மாதமாக நின்றிருந்தது. உறையை இழுத்தார். இரண்டு டயரிலும் காற்று பாதிதான் இருந்தது. நின்ற வண்டியைக் காற்று பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். கம்ப்ரசரைப் போட்டார். முள் ஊர்ந்தது. இருபது. இருபத்திரண்டு. கடிகாரத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி ஜாக்கெட்டைப் பிடித்து நிற்க, ஒரு கையை நுழைத்து, மறு கையை நுழைத்து, கழுத்துப் பொத்தான் வரை போட்டார். அவசரமாயிற்றே என்று ஒரு பொத்தானையும் விடவில்லை. எட்டரைக்குத்தான் வண்டி வாசலைத் தாண்டியது.

கியர் மாற்றுகிற ஒவ்வொரு தரமும் முழங்காலில் ஊசி ஏறியது. பேருந்து நிலையம், மருந்துக்கடை வரிசை, மரக்கடைகள், பிறகு வெறும் சாலை. மனசுக்குள் மகளின் ஹெல்மெட் பட்டை தொங்கிக்கொண்டே இருந்தது. மாட்டினாளா? 'மாட்டு' என்று சொன்னாரே தவிர அவள் மாட்டியதைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பெட்டியின் பிடியைப் பற்றிக் குனிந்ததும் ஞாபகம் வந்தது. அந்த மனுஷனுக்குத் தெரியும். தெரிந்தேதான் தூக்கி வைத்தார். மாமனார் நான்கு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்று, தன் பெண்டாட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, தப்பென்று தெரிந்த பாரத்தை இழுத்துக்கொண்டு போகிறார்.

ஒன்பது பத்துக்கு ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் லாரிகள். தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில், நகராமல், தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமா நிக்குது?" என்று பக்கத்து லாரி டிரைவரைக் கேட்டார்.

"நான் ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டாச்சு பெரியவரே."

ஒன்பது பதினைந்து. ஒன்பது இருபது. பங்க் இன்னும் பத்து கிலோமீட்டர், அத்தனையும் ஏற்றம். வண்டியை அணைத்தார். கையுறையைக் கழற்றினார். போனை எடுத்தார். பங்க் நம்பர் சுவரில் மட்டுமில்லை, மனசிலும் இருந்தது.

"பங்க். சொல்லுங்க," என்றது ஒரு பெண் குரல்.

"அம்மா, ட்ரெய்லர் கட்டின பைக் ஒண்ணு வந்திருக்கா? கூடவே பத்துப் பதினோரு வண்டி?"

"வந்தாங்க. எல்லாரும் கிளம்பிட்டாங்களே. ரெண்டு வண்டி ரோட்டுக்கே போயிடுச்சு."

"ட்ரெய்லர் போயிடுச்சா?"

"இங்கிருந்து தெரியலையே. மறைவா ஒரு லாரி நிக்குது. நான் கல்லாவை விட்டு நகர முடியாது சார். வேணும்னா மைக்ல சொல்றேன். என்னன்னு சொல்லட்டும்?"

வீட்டிலிருந்து போன் என்று சொல்லச் சொல்லலாம். வாயில் அந்த வார்த்தை தயாராக வந்து நின்றது. எத்தனை சுலபமான பொய். ஆனால் ஹெல்மெட் மாட்டிக் கிளம்புகிறவன் அதற்கு நிற்பானா? நின்றாலும், காரணம் சொல்லாமல் அந்தக் கட்டை மாப்பிள்ளை அவிழ்க்க மாட்டார். வாக்குக் கொடுத்திருக்கிறார். பதினோரு பேர் முன்னால் கொடுத்த வாக்கு.

"நான் சொல்றதை அப்படியே சொல்லுங்கம்மா. டயர்கடைக்காரர் பாரத்தைத் தப்பா கட்டிட்டார். வெல்டர் வச்சதுதான் சரி. அவிழ்த்து, அவர் முதல்ல வச்ச மாதிரியே கட்டாம யாரும் மலை இறங்கக் கூடாது."

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். "தப்பா கட்டிட்டார்னே சொல்லணுமா சார்? மாத்திக் கட்டுங்கன்னு மட்டும் சொன்னா பத்தாதா? பாவம், யாரோ பெரியவர் மாதிரி தெரியுது."

"நான்தாம்மா அது. அப்படியே சொல்லுங்க. சீக்கிரம்."

மைக் கரகரத்தது. வழியை மறித்து நிற்கும் காரை நகர்த்தச் சொல்லும் அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், அவருடைய தப்பு அந்த மலை உச்சி முழுவதும் ஒலித்தது. போனில் எதிரொலியும் சேர்ந்து கேட்டது. நடுவில் ஒரு என்ஜின் உறுமி, தூரமாகி, மறைந்தது. எந்த வண்டி? அவர் போனைக் காதில் நசுக்கிப் பிடித்தார். லாரி டிரைவர் வாழைப்பழத் தோலைக் கையில் வைத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு சத்தமே இல்லை. ஒரு நிமிஷம் இருக்கும். ஒரு யுகம் போல இருந்தது.

"அப்பா?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அப்பா, இருக்கீங்களா? வர்ற வழியெல்லாம் ஆடுச்சுப்பா. நாப்பதுக்கு மேல போகவே முடியல. இங்க வந்ததும் அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். மாமா கட்டினது, நான் கை வைக்க மாட்டேன், உருட்டிக்கிட்டே இறங்கிடலாம்னாரு. அப்ப நான் வண்டியில ஏற மாட்டேன்னு சொல்லிட்டேன். அதனாலதான் இன்னும் இங்கயே நிக்கிறோம். இல்லேன்னா எப்பவோ…" அவள் குரல் உடைந்தது.

"சரிம்மா. நீ செஞ்சதுதான் சரி. அவர்கிட்ட குடு."

மாப்பிள்ளை பேசினார். "மாமா, இதைப் போய் மைக்ல எல்லாம் எதுக்கு? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா…"

"சொன்னா நீங்க யாருக்கும் தெரியாம அவிழ்த்துக் கட்டி, என்னைக் காப்பாத்தியிருப்பீங்க."

அந்தப் பக்கம் யாரோ வண்டியை அணைத்தார்கள்.

"கட்டை நீங்களே அவிழ்த்துடுங்க. நான் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உங்க கட்டாவே இருக்கட்டும். இனிமே ட்ரெய்லர்னு யாராவது கடைக்கு வந்தா உங்க பட்டறைக்குத்தான் அனுப்புவேன்." நகராத ரயிலைப் பார்த்தார். "மைக்ல சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"ஒன்பது பேருக்குக் கேட்டுச்சு மாமா. மீசையும் பேக்கரிக்காரரும் முன்னாடியே ரோட்டுக்குப் போயிட்டாங்க. நாங்க வரலேன்னு இப்பத்தான் திரும்பி உள்ள வர்றாங்க."

ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நகரத் தொடங்கியது. லாரிகள் ஒவ்வொன்றாக உறுமின. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். டயர்கடைக்காரர் அசையவில்லை.

"போனைக் கல்லாவுல இருக்கிற அம்மாகிட்ட குடுங்க," என்றார். அந்தப் பெண் வந்ததும், முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "இன்னும் ரெண்டு பேர் வந்திருக்காங்கம்மா. அதையே இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் நிறுத்தி, நிதானமா."