ஏழாம் எண்ணின் பெனால்டி

இந்தியாமேல் பூபாலனுக்கு அன்றைக்கு வந்த பக்தி வேறு எப்போதும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நீலச் சட்டை மாட்டிக்கொண்டு, ஆவடி குவார்ட்டர்ஸில் ஜஸ்டின் வீட்டு டிவி முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டான். கால்பந்து ஆட்டம், எதிரணி நியூசிலாந்து. அதில் ஏழாம் எண் ஜஸ்டின். படிக்கப் போனவன், பத்து வருடத்தில் அந்த நாட்டுக்காரனாகி அந்த நாட்டுக்கே ஆடுகிறான்.

இருவரும் பருத்திப்பட்டில் ஒரே மைதானத்தில் ஆடியவர்கள். பூபாலன்தான் கெட்டிக்காரன் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். இப்போது அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறான். ஜஸ்டின் இன்று தோற்றால் போதும். இங்கேயே இருந்துவிட்டதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று பூபாலன் நாளைக்கு நிம்மதியாக வேலைக்குப் போவான்.

"இன்னா மாமே, தேசபக்தி பொத்துகினு ஊத்துது?" என்றான் மோகன், அந்தக் காலத்து கோல்கீப்பர்.

"சோறு போட்ட நாடுடா."

"என் புள்ள ஒரே ஒரு கோல் போடட்டும்பா பூபாலா," என்றார் ஜஸ்டினின் அம்மா.

"போடட்டும் ஆன்ட்டி," என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைசி நிமிடம்வரை கோலே விழவில்லை. அப்போது நியூசிலாந்துக்குப் பெனால்டி. பந்தை வைத்தது ஜஸ்டின். வானத்தில் அடிக்கட்டும் ஆண்டவா என்று பூபாலன் வேண்டிக்கொண்டான்.

ஜஸ்டின் மூன்று குட்டி அடி எடுத்து வைத்தான். சட்டென்று நின்றான். பூபாலன் டிவியை நோக்கிக் குனிந்தான். மழைத்தண்ணீர் தேங்கிய மைதானத்தில் வழுக்காமலிருக்க அந்தக் காலத்தில் பூபாலன் கண்டுபிடித்த நடை அது. ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

"கோல்!" என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டான். பந்து அதற்கப்புறம்தான் வலைக்குள் போனது.

ஜஸ்டினின் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"டேய், நீ எந்த நாடுடா?" என்றான் மோகன்.

"அது என் கிக்குடா."

"ஆமா, நீதான் பிளைட் புட்சிகினு போய் அட்ச்ச."

வீடே சிரித்தது. அந்த உதைக்கு நூறு தடவை ஏமாந்தவன் மோகன், அவனுக்கே மறந்துவிட்டது.

டிவியில் கோலைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எல்லோரும் ஜஸ்டின் முகத்தைப் பார்த்தார்கள், பூபாலன் கால்களைப் பார்த்தான். ஐந்தாவது தடவை, ஜஸ்டினின் மூன்றாம் அடி தன்னுடையதைவிடக் கொஞ்சம் நீளம் என்று கண்டுபிடித்த பிறகுதான் ஆன்ட்டி கொடுத்த கேசரி அவனுக்குத் தொண்டையில் இறங்கியது.