மூன்று நொடி

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டே காலுக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடியவர்கள் நான்கு பேர். சன்னலுக்கு முதுகு காட்டி அக்கா. மருத்துவமனையில் தலைமைச் செவிலி, எதையும் நின்றுகொண்டே முடிவு செய்து பழகியவள் என்பதால் நாற்காலியின் நுனியில். அவளுக்கு இடப்பக்கம் அத்தான், அவள் கணவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். மடியில் அவருடைய பழைய மடிக்கணினி. கதவோரமாக என் வீட்டுக்காரர். பூட்டு ரிப்பேர்க் கடை வைத்திருப்பவர், கதவைப் பார்க்காத இடத்தில் உட்கார்ந்தால் அவருக்குக் கை ஓடாது. எதிரே நான். ஐந்தாவது நாற்காலியில் துவைத்த துணிகள், நான்கு நாளாக மடிக்காமல். கூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

பொருள்: நான் பதினோரு ஆண்டாகச் செய்துவரும் வேலையை விட வேண்டும்.

அது என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியைத் திறந்ததும் அதை இயக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள் ஒன்று உண்டு. பெரும்பாலும் கம்பெனிக்காரர்கள் செய்து விற்பார்கள். எங்களுடையதை யாரும் விற்பதில்லை. பல தேசங்களில் இருக்கும் பல நூறு பேர், பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே சும்மா எழுதித் தருகிறோம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொறுப்பாளர். என் துண்டு தூக்கம். மடிக்கணினியின் மூடியை மூடினால் அது தூங்க வேண்டும், திறந்தால் விழிக்க வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுக்குத்தான் பதினோரு ஆண்டு.

குழுவில் யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. மடல்கள்தான். நான் படித்த சின்ன ஊர்ப் பள்ளியில் ஒழுங்காக மண்டையில் ஏறியது ஒன்று, கடிதம் எழுதுவது. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மூன்றையும் எழுதாமல் எனக்கு முதல் வரியே வராது. அதனால் குழுவில் என் பெயர் ‘அனுப்புநர்’. ‘அனுப்புநரிடம் கேளுங்கள்’, ‘அனுப்புநர் இன்னும் பதில் போடவில்லையா?’ இப்படி. கடைசிக் கேள்விதான் இப்போதெல்லாம் அதிகம்.

பகலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பதில் கடிதப் பிரிவில் இருக்கிறேன். அங்கேயும் கடிதம்தான். போன மாதம் பத்தாம் தேதி மதிய இடைவேளையில், திரையில் ஒரு பக்கம் அலுவலகக் கடிதம், மறுபக்கம் எங்கள் குழுவுக்கு வந்த புகார் ஒன்று. எனக்கென்று பன்னிரண்டு ஆயத்தப் பதில்கள் உண்டு. ஆறாம் எண் பதிலை எடுத்து ஒட்டினேன். பக்கம் மாறிவிட்டது. அச்சடித்து, நிறுவன முத்திரை குத்தி, கணவரை இழந்த ஓர் அம்மாளுக்கு அன்று மாலைத் தபாலில் போன கடிதம் இது:

‘தங்கள் கடிதம் கிடைத்தது. மூடிய பின் மீண்டும் விழிக்கவில்லை என்பதை அறிந்து வருந்துகிறோம். பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, மூடியைத் திறந்து மறுபடி முயலவும். அப்போதும் விழிக்காவிட்டால் தயாரிப்பாளர் பெயரைத் தெரிவிக்கவும்.’

மூன்றாம் நாள் அந்த அம்மாள் தொலைபேசியில் வந்தார். கோபமே இல்லை. “எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்மா. பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுது, அது தப்பாப் படிக்குதோன்னு தோணுச்சு. நீங்க ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க.” முதல் வரியைப் படித்தேன். இரண்டாம் வரிக்கு என்னால் போக முடியவில்லை. அடுத்த நாள் விடுப்பு எடுத்து நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார். மேலாளர் எச்சரிக்கைக் குறிப்பு கொடுத்தார்; இன்னொரு முறை என்றால் வேலை இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

அதனால்தான் கூட்டம்.

“விட்டுடு. இன்னைக்கே விட்டுடு,” என்றாள் அக்கா. “கண்ணாடியில உன் மூஞ்சியப் பார்த்தியா? என் வார்டுல படுத்திருக்கிறவங்க உன்னைவிடத் தெளிவா இருக்காங்க.”

“ஊர்ல இருக்கிற மெஷினுக்கெல்லாம் தாலாட்டு பாடுறா,” என்றார் என் வீட்டுக்காரர். “வீட்ல ஒருத்தன் தூங்கினானா முழிச்சானான்னு தெரியாது. போன வாரம் ரெண்டு நாள் நான் ஒரே சட்டை போட்டுட்டுப் போனேன். கவனிச்சியா?”

“கவனிச்சேன்.”

“என்ன கலரு?”

நான் துணிக் குவியலைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று. இப்போதெல்லாம் எல்லாமே தாமதமாகத்தான் வருகிறது.

அத்தான் திரையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்: “சம்பளம் இல்ல, லீவு இல்ல, நன்றின்னு ஒருத்தன் சொன்னதில்ல. சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதாம்மா.”

“விடறேன்,” என்றேன். “விட வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே.”

மூவரும் நிமிர்ந்தார்கள். வாதத்துக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு எதிராளி படுத்துவிட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

“ஆனா அப்படியே எழுந்து போக முடியாது. யாராவது எடுத்துக்கணும். இன்னைக்கு நாலு மணிக்கு அடுத்த பதிப்புக்கான பட்டியலை மூடுறாங்க. பொறுப்பாளர் இல்லாத துண்டைத் தூக்கிடுவாங்க.”

“தூக்கட்டுமே,” என்றாள் அக்கா.

“தூக்கினா மூடியை மூடினாலும் மெஷின் தூங்காது. பைக்குள்ளேயே கொதிச்சுக் கிடக்கும். உங்க வார்டுல தள்ளுவண்டி மேல ஒண்ணு இருக்கே, அதுவும் எங்களோடதுதான்.”

அக்கா நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். “அதை எழுப்பறது நீயா?”

“ஆமா.”

“அடிப்பாவி. அது எவ்வளவு மெதுவா எழுந்திருக்கும் தெரியுமா? ஒவ்வொரு கட்டில்கிட்டயும் மூடியைத் திறந்துட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவேன். நாப்பது கட்டில். ஒரு நாளைக்கு நாலு சுத்து. கணக்குப் போட்டுப் பாரு.”

போட்டேன். எட்டு நிமிடம்.

“எட்டு நிமிஷத்துல நான் ரெண்டு பேருக்குக் கட்டு மாத்துவேன்,” என்றாள்.

“எடுத்துக்க ஆளே இல்லையா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

இருந்தது. கொக்கி என்ற புனைபெயரில் ஒருவர்; ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது; எட்டு ஆண்டாக என் பிழைகளைக் கொக்கி போட்டுத் தூக்கிக் காட்டுபவர். வெள்ளிக்கிழமை மடல் போட்டிருந்தார். ‘தூக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே நிபந்தனை. விழிக்கும் முன் மூன்று நொடி காத்திருக்க வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் “சில இயந்திரங்களுக்குத் தேவை, தற்காலிகம்” என்று குறிப்பு. எந்த இயந்திரங்கள்? தெரியாத முடிச்சோடு நான் எதையும் வாங்க மாட்டேன்.’

இதே கேள்வியை ஆண்டுக்கு இரண்டு பேராவது கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். ஆயத்தப் பதில் எண் மூன்று. ‘சில இயந்திரங்களுக்குத் தேவைப்படுகிறது.’

“பதில் போட்டுட்டு வர வேண்டியதுதானே,” என்றாள் அக்கா. “எந்த மெஷின்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். அது மேசைக்கு எதிர்ப்புறம், அத்தானின் மடியில் இருந்தது.

பதினோரு ஆண்டுக்கு முன்னால், மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த நிலப்படம் திரையில் இருக்க, யாரோ மணி அடித்தார்கள் என்று அத்தான் மூடியை மூடிவிட்டுப் போனார். திரும்பி வந்து திறந்தபோது திரை கறுப்பு. படம் போனது போனதுதான். அன்று அவர் சாப்பிடவில்லை. என் கல்யாணத்தில் பந்தியில் நின்று எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிட்ட மனுஷர். எனக்குப் பொறுக்கவில்லை. புத்தகம் வாங்கிப் படித்தேன், குழுவில் சேர்ந்தேன், ஏழு வாரம் முட்டி மோதினேன். அந்த மடிக்கணினி விழிக்கும்போது அதன் திரை தயாராக மூன்று நொடி பிந்துகிறது; அதற்குள் மென்பொருள் அவசரப்பட்டுவிடுகிறது. மூன்று நொடி நிறுத்திவைத்தேன். விழித்தது.

அந்த ஒன்றுக்கு மட்டும் என்று எழுதத்தான் நினைத்தேன். ஒவ்வொரு கணினியும் தன் பெயரைச் சொல்லும், அதை வைத்துப் பிரிக்கலாம். அதனிடம் தயாரிப்பாளர் யார் என்று கேட்டேன். ‘பெயரை இங்கே நிரப்பவும்’ என்றது. தொழிற்சாலையில் எவரோ நிரப்பாமலே அனுப்பிவிட்டார்கள். பெயரில்லாததை எப்படிப் பிரிப்பது? எல்லாவற்றுக்கும் மூன்று நொடி போட்டேன். ‘ஒரு’ என்று எழுதக் கூச்சமாக இருந்ததால் ‘சில’ என்று எழுதினேன். பிறகு வேறு இயந்திரங்களைச் சோதித்தபோது ஒன்றுக்கும் தேவைப்படவில்லை. அதற்குள் நான் பொறுப்பாளர் ஆகியிருந்தேன். பொறுப்பாளர் பொய் சொன்னார் என்று எழுத யாருக்குக் கை வரும்?

மேசையில் இதைச் சொல்லி முடிக்க, கொக்கிக்கு எழுதுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அத்தான் முதல்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“அப்போ ஊரே எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா?”

“ஊரோட நிக்கல சகலை,” என்றார் என் வீட்டுக்காரர். “உலகமே.”

அக்கா சிரிக்கவில்லை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். நாற்பது, நூற்று அறுபது, எட்டு என்று காதில் விழுந்தது. பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தாள். “தினம் எட்டு நிமிஷம். உங்களுக்காக.”

“எனக்குத் தெரியுமாடி?” அத்தானின் குரல் இறங்கிவிட்டது. என்னிடம் கேட்டார்: “ஏம்மா, அப்பவே சொல்லியிருந்தா நான் வேற வாங்கியிருக்க மாட்டேனா?”

“மாட்டீங்க.”

கொஞ்சம் யோசித்தார். “மாட்டேன்தான். சரி, அதை எடுத்துடச் சொல்லு.”

“எடுத்தா, அடுத்த பதிப்புல உங்களது எழுந்திருக்காது அத்தான். மூடினா மூடினதுதான்.”

“நான் மூடினாத்தானே?” சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல அளவுகோலை எடுத்தார். மூடியைப் பாதி சாய்த்து, விசைப்பலகைக்கும் மூடிக்கும் நடுவில் அதை முட்டுக்கொடுத்தார். கையை எடுத்துப் பார்த்தார். நின்றது. “எத்தனை மேட்டு நிலத்துல தரை மட்டம் பார்த்திருக்கேன். எழுது. மூணே கால் ஆச்சு.”

என் மடிக்கணினியைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நால்வரும் எண்ணினோம் என்று நினைக்கிறேன்.

அனுப்புநர்: தூக்கப் பகுதியின் பொறுப்பாளர். பெறுநர்: கொக்கி. நகல்: குழுவினர் அனைவருக்கும். பொருள்: பொறுப்பை ஒப்படைத்தலும் ஒரு பிழைத்திருத்தமும்.

அதற்கு மேல் இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை. ஆயத்தப் பதில்களில் இதற்கு எண் கிடையாது. மணிக்கட்டு வலித்தது. அக்கா எழுந்து போய்த் தேநீர் போட்டாள். என் வீட்டுக்காரர் ஐந்தாவது நாற்காலியை அருகில் இழுத்துத் துணி மடிக்க ஆரம்பித்தார். சட்டைகளை மட்டும், காலர் உள்ளே போக, தப்புத் தப்பாக. நான் எழுதினேன்.

‘“சில இயந்திரங்களுக்கு” என்று நான் எழுதியது பொய். ஓர் இயந்திரத்துக்கு. அது என் அக்கா கணவருடையது. அதற்குப் பெயர் இல்லாததால் பிரிக்க முடியவில்லை. பதினோரு ஆண்டாக நீங்கள் எல்லோரும், நீங்கள் அறியாத எத்தனையோ பேரும், அவருக்காக ஒவ்வொரு முறையும் மூன்று நொடி காத்திருந்தீர்கள். அவர் அறியாமல் நடந்தது, பழி என்னுடையது. அவர் சம்மதத்தோடு சொல்கிறேன், அதை எடுத்துவிடலாம். வேண்டுபவர் மட்டும் வைத்துக்கொள்ளும்படி செய்ய வழி இருக்கக்கூடும். அதைத் தேட எனக்குத் தெம்பு இல்லை. நான் களைத்துப்போனேன். பன்னிரண்டு ஆயத்தப் பதில்களை இணைத்திருக்கிறேன். மூன்றாம் எண்ணை அழித்துவிடுங்கள். ஆறாம் எண்ணைப் பயன்படுத்தும் முன், யாருக்குப் போகிறது என்று இருமுறை பாருங்கள்.’

அக்கா என் தோளுக்கு மேலாகப் படித்தாள். “களைச்சுப்போனேன்னு எழுதியிருக்க. அது வேணுமா?”

“வேணும்.”

“சரி,” என்றாள். கோப்பையைக் கைக்கு எட்டுகிற தூரத்தில், விசைப்பலகையில் கவிழாத தூரத்தில் வைத்தாள்.

பொறுப்பை மாற்றும் மடலுக்கு முத்திரை வேண்டும் என்பது குழுவின் விதி. மெழுகு முத்திரை அல்ல; எனக்கு மட்டுமே தெரிந்த நீண்ட வாக்கியம் ஒன்றைத் தட்டினால், எழுதியது நான்தான் என்று மடலின் அடியில் புரியாத எழுத்தாக நாலு வரி விழும்.

“அந்தச் சாவி தொலைஞ்சா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர், கையில் ஒரு சட்டையோடு.

“தொலைஞ்சா, நான் நான்னு நிரூபிக்க முடியாது.”

“டூப்ளிகேட் அடிக்க முடியாதா?”

“முடியாது.”

“நல்ல வேளை, என் பொழப்பு உங்க பக்கம் இல்ல,” என்று சொல்லிச் சட்டையை விரித்துக் காட்டினார். நீலம். “இதுதான் ரெண்டு நாள் போட்டது.”

தலையாட்டினேன். வாக்கியத்தைத் தட்டினேன், இருமுறை பிழையாயிற்று, மூன்றாவதில் பிடித்தது. அடியில் நாலு வரி விழுந்தது. பெறுநர் பெயரை இருமுறை பார்த்தேன். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.