காம்பு பிடித்த விரல்

கூடலூர் மலையடிவாரத்துச் சுடுதளத்தில் மேகம் இறங்கி, இலக்குப் பலகைகள் மிதப்பதுபோல் தெரிந்தன. காவலர் ஜோதிகா கடைசித் தோட்டாவையும் சுட்டாள். காலியானால் பின்னால் போய்த் திறந்தே நிற்கவேண்டிய பிஸ்டலின் ஸ்லைடு மறுபடியும் மூடிக்கொண்டது. தோட்டா தீர்ந்தது தெரியாமல், தோட்டாக்கள் அடுக்கிய அடுத்த மேகசினைப் போடத் தாமதமானது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாள். இன்னும் ஒரு சுற்றுதான் பாக்கி.

மேகசினை மாற்றிப் பார்த்தாள். பயனில்லை.

"கோளாறு துப்பாக்கியிலயா, ஒங்கிட்டயா ஆத்தா?" தோழி ஃபர்ஹீன் அதிகாரியிடம் அனுமதி கேட்டு அதே துப்பாக்கியை வாங்கிச் சுட்டாள். ஸ்லைடு சமத்தாகத் திறந்து நின்றது. "எங்கிட்ட மட்டும் மருவாதியா நிக்கிது பாரு!"

ஜோதிகா தன் பெருவிரலைப் பார்த்தாள். துப்பாக்கியின் எண்ணெய்க் கறை. ஸ்லைடைத் தடுக்க மேலெழும் சின்ன நெம்புகோலை அவளேதான் மேலெழவிடாமல் அழுத்தியிருக்கிறாள். பழத்தின் வெண்பூச்சு கலையாதபடி காம்பை மட்டும் இறுக்கிப் பிடித்து, கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் பழகிய விரல். கறையைத் தோழியிடம் காட்டிக் காரணத்தைச் சொன்னாள்.

"ஏ புள்ள, இது என்ன பன்னீர்த் திராச்சக் கொத்தா?" என்றாள் ஃபர்ஹீன்.

கடைசிச் சுற்றில் விரலைத் தாழ்த்தியே வைத்திருந்தாள். வெடியோசை மேகத்துக்குள் கரைந்தது. ஸ்லைடு திறந்து நின்றது. மெல்லிய புகை மலையை நோக்கிப் போனது. அடுத்த மேகசின் தானாகவே கைக்கு வந்ததுபோல் இருந்தது.

"தேறிட்டடீ!" என்று பின்னாலிருந்து ஃபர்ஹீன் கத்தியது எங்கோ தூரத்தில் கேட்டது.