என் உயரத்துக்கு வெட்டிய சுருள்

என் வீட்டுக்காரர் மெர்ஷா ஒரு தெப்தெரா. கோயிலில் பாடுவார், முரசுக்கு ஏற்றபடி தடியூன்றி ஆடுவார், ஆனால் பலிபீடத்துப் பக்கம் போக முடியாது. அது குருக்களுக்கு. மிச்ச நேரத்தில் ஊர்க்காரர்களுக்குக் காப்புச் சுருள் எழுதித் தருவார். காய்ச்சல்காரன், பேய் பிடித்தவள், பிள்ளை தங்காதவள் எல்லாரும் எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள். ஆட்டை அறுத்து, தோலைப் பதப்படுத்தி, நோயாளியின் உயரத்துக்கு அளந்து வெட்டுவார். அதில் பெரிய பெரிய கண்களாக வரைவார். நடுவில் சிவப்பு மையால் அந்த நோயாளியின் ஞானஸ்நானப் பெயரை எழுதுவார். உச்சி முதல் உள்ளங்கால் வரை காப்பு. அதைச் சுருட்டி உறையில் வைத்துத் தைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டால் ஆயிற்று. குருக்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கழுத்திலும் அது தொங்கும்.

கூடாதது ஒன்று இருந்தது. அதற்குத் 'திருப்பு' என்று பெயர். ஒருவருடைய நோயை இன்னொருவர் மேல் திருப்பிவிடுவது. சுருள் கிடப்பது நோயாளியின் கழுத்தில்தான். ஆனால் அதில் இருக்கும் பெயரும் அதன் நீளமும் நோயை வாங்கிக்கொள்கிறவருடையவை. இதற்குப் பயந்துதான் எங்கள் ஊரில் யாரும் ஞானஸ்நானப் பெயரை வெளியே விடுவதில்லை. பெற்றவர்களுக்குத் தெரியும், தண்ணீரில் முக்கியெடுத்த குருவுக்குத் தெரியும், கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய்க்குத் தெரியும். அதோடு சரி. ஊர் கூப்பிட வேறு பெயர் இருக்கிறது. ஊருக்கு நான் தங்குட்.

என் கல்யாணத்தன்று அம்மா என் காதில் சொன்னாள்: "மையில கை வைக்கிறவனக் கட்டிக்கிற. தங்கமான ஆளாவே இருக்கட்டும். உம் பேர மட்டும் அவங்கிட்ட சொல்லிப்புடாத."

நான் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் அவரும் விடவில்லை. காபி குடிக்கும்போதெல்லாம் ஆரம்பிப்பார்.

"உம் பேர எலியாவோட மகள்னு வச்சிருப்பாங்க. வானத்துலேர்ந்து நெருப்ப இறக்குனவரு அவருதான். இந்த வாய்க்கு அதுதான் பொருத்தம்."

"எழுதிப் பாருங்க, எனக்குக் காய்ச்சல் வருதான்னு தெரிஞ்சிரும்," என்பேன். சிரிப்பார். அப்படித்தான் இருந்தோம். நன்றாகத்தான் இருந்தோம்.

எங்கள் மகள் யெஷிக்கு எட்டு வயது நடந்தபோது, பெரிய நோன்பு தொடங்குமுன்பே இருமல் பிடித்தது. இரண்டாவது வாரம் துப்பினதில் ரத்தம். மெர்ஷா மூன்று சுருள் எழுதினார். ஊற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டினோம். நோய் எதற்கும் அசையவில்லை. கை கால் எல்லாம் குச்சியாகிப் போய், இன்ஜெரா அப்பத்தை ஊறவைத்துக் கொடுத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஷஷிது வீடு. அவள் புருஷன் கோவேறு கழுதை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வெளியே போகிறவன். அவள் மகள் பிர்க்கே என் மகளைவிட ஒரு மாதம் சின்னவள். தண்ணீருக்குப் போவதும் சண்டை போடுவதும் இரண்டும் ஒன்றாகத்தான். பிறந்த எண்பதாம் நாளில் பிர்க்கேவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் நான்.

ஒரு நாள் காலையில் மெர்ஷா நாலாவது சுருளுக்கு மை அரைத்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"இதெல்லாம் போதும். திருப்பு எழுதுங்க."

அவர் கை நின்றது. "அத வாயால சொல்லாத."

"புள்ள ரத்தமாத் துப்புறா. நீங்க என் வாயப் பத்திக் கவலப்படுறீங்க."

"அத எழுதுனவன் எவனும் மனுஷனா மிஞ்சுனதில்ல தங்குட். சரி, எழுதுறேன்னே வச்சுக்க. வாங்கிக்க ஆளு? யாரச் சாகக் குடுக்கச் சொல்ற?"

"என்னயே."

அந்த நிமிஷம் அதை மனதாரத்தான் சொன்னேன். அதை மட்டும் நம்புங்கள்.

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் ஒரு நூலை எடுத்துக்கொண்டு வந்தார். "சம்மதிச்சு வாங்கிக்கிறவளுக்குத்தான எழுதுறோம்னு மனசத் தேத்திக்கிட்டேன். உனக்கு வளந்த உடம்பு. புள்ளையக் கொல்ற நோய் உன்னயும் கொல்லணும்னு இல்ல. ஒரு மாசம் படுத்துட்டு எந்திரிச்சிருவ."

என்னைச் சுவரோடு நிற்க வைத்து, உச்சியிலிருந்து குதிகால் வரை நூலை இழுத்துப் பிடித்தார். மறுபடியும் ஒரு முறை அளந்தார். "அளவு தப்பக் கூடாது. சுருள் நீளத்துக்குத்தான் நோய் எறங்கும். ஒரு விரக்கடை கூடிட்டாலும் வாங்குற உடம்பு தாங்காது."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "பேரு?"

"வலத்த சாமுவேல்," என்றேன்.

சாமுவேலின் மகள். அது என் பெயர் இல்லை. பிர்க்கேவின் பெயர்.

நாக்கு தவறிவிட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். முந்தின நாள் ஷஷிது வீட்டு வாசலில் பிர்க்கே இரண்டு இன்ஜெராவை ஒரே மூச்சில் தின்று முடித்ததைப் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டேன். குண்டுப் பிள்ளை, பத்து நாள் படுத்துவிட்டு எழுந்து ஓடும் என்று கணக்குப் போட்டேன். நான் செத்தால் யெஷியை யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். எல்லாம் சாக்கு. எனக்குச் சாகப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அவர் அளவைப் பற்றிச் சொன்னது காதில் நன்றாக விழுந்தது. சின்னப் பிள்ளையின் பெயரை என் உயரத்துக்கு எழுதப் போகிறார் என்று தெரிந்தது. வாயைத் திறந்தால் பொய் வெளியே வந்துவிடும் என்று சும்மா நின்றேன்.

மெர்ஷா அழுதார். "ஒம்பது வருஷமாக் கேட்டேன். உம் பேரு இப்பிடியாடி எனக்குக் கெடைக்கணும்."

சுருளை யெஷியின் கழுத்தில் கட்டினோம். மூன்றாம் நாள் பசிக்கிறது என்றாள். ஐந்தாம் நாள் வாசலில் உட்கார்ந்து கோழியை விரட்டினாள். என் வயிறு குளிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன்.

மெர்ஷா மட்டும் நான் எப்போது விழப் போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தார். என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தானே முதுகில் கட்டிக்கொண்டு போனார். ஊற்றடியில் பெண்கள் எல்லாம் சிரித்தார்களாம்: "தெப்தெராவுக்குப் பாட்டு மறந்துபோச்சா, குடத்தத் தூக்கிட்டாரு?" அவர் காதிலேயே வாங்கவில்லை. வெந்நீர் வைத்து என் காலைக் கழுவிவிட்டார். ஆள் இல்லாதபோது அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிக் கூப்பிட்டார். வலத்த சாமுவேல், இதக் குடி. வலத்த சாமுவேல், குளுருதா உனக்கு? கல்யாணமான நாளிலிருந்து யாரும் என்னை அப்படி அன்பாகக் கூப்பிட்டதில்லை. அவர் கூப்பிடும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இருமியது.

ஷஷிது வந்தாள். மெர்ஷா கோயிலுக்குப் போயிருந்த நேரம்.

"பிர்க்கே நேத்துலேர்ந்து ரத்தமாத் துப்புறா தங்குட். ஒம் மகளக் காப்பாத்துன சுருளு மாதிரி ஒண்ணு உங்க வீட்டுக்காரர எழுதச் சொல்லு. ஆட்ட நான் கொண்டாரேன்."

அவள் மெர்ஷாவிடம் போனால் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் எழுத மாட்டேன்னு நேந்துக்கிட்டாருடி," என்றேன். "கவலப்படாத, புள்ளைங்களுக்கு வர்றதுதான்."

அவள் தலையாட்டினாள். நம்பினாள். என்னை அவள் எப்போதும் நம்புவாள்.

அன்று சாயங்காலம் கத்தரிக்கோலை எடுத்து யெஷியின் கழுத்துக் கயிற்றில் வைத்தேன். சுருளை அறுத்தால் நோய் திரும்பி வந்துவிடும், பிர்க்கே பிழைப்பாள். யெஷி வறுத்த பார்லியை மென்றுகொண்டு, "கூசுதும்மா," என்று சிரித்தாள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பிர்க்கே போய்விட்டாள். யெஷி இரண்டு மாதம் தாங்கிய நோயை அவள் ஒன்பது நாள்கூடத் தாங்கவில்லை.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. ஷஷிது என் தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குச் சாய அந்த ஊரில் வேறு தோள் இல்லை. தெப்தெராக்கள் வரிசையாக நின்று பாடினார்கள், மெர்ஷா நடுவில். இன்னும் சாகாத பெண்டாட்டியை நினைத்தும் சேர்த்துத்தான் அவர் பாடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. குரல் அப்படி உடைந்து வந்தது.

எனக்கு மறந்தே போயிருந்தது. வாழ்நாள் முழுக்க மறைத்து வைக்கிற பெயரைக் குழிமேட்டில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லித்தான் பாவமன்னிப்பு ஜெபம் சொல்வார்கள். செத்தவளுக்கு இனி யார் என்ன செய்துவிட முடியும்?

குருவானவர் கையை உயர்த்தினார். "ஆண்டவரே, உம்முடைய அடியாள் வலத்த சாமுவேலை ஏற்றுக்கொள்ளும்."

மெர்ஷாவின் பாட்டு பாதியில் நின்றது. மற்றவர்கள் பாடிக்கொண்டே போனார்கள். அவர் முதலில் குழியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் இருக்கலாம் என்று அவர் ஒரு கணம் நினைத்திருப்பார், என் முகத்தைப் பார்க்கிற வரைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அளவெடுக்கும்போது வாயத் தெறந்திருக்கலாமே," என்றார். "அந்தப் புள்ள மூணு முழங்கூட வரமாட்டாளே, தங்குட். ஒன் உசரத்துக்கு எழுதிட்டேனே."

நான் அவர் காலைப் பிடித்தேன். "எம் பேரச் சொல்றேன். நெசப் பேரு. எனக்கே எழுதுங்க."

அவர் காலை உதறிக்கொண்டு சுவர் வரைக்கும் பின்னால் போனார். "சொல்லாத. சொன்னா எழுதிருவேன். உன்னக் காப்பாத்த இல்ல, யெஷிக்காகவும் இல்ல. சும்மாவே எழுதிருவேன். கை துடிக்குதுடி."

தன் கையையே பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். மறுநாள் மைக்கூட்டையும் தூரிகைகளையும் அடுப்பில் போட்டுவிட்டுக் கோயில் வளாகத்துக் குடிசைக்குப் போய்விட்டார். வாரம் ஒருமுறை தானியம் கொண்டுவந்து வாசலில் வைப்பார். யெஷியைத் தூக்கிக்கொள்வார். உள்ளே வரமாட்டார். வெளியில் சொன்னால் யெஷியின் கழுத்துச் சுருளை அறுத்துவிடுவார்கள் என்பதால் அவரும் சொல்லவில்லை. அந்த நேர்மையான மனுஷனையும் பொய்யனாக்கிவிட்டேன்.

மழைக்காலத்தில் யெஷிக்குச் சாதாரணச் சளி பிடித்தது. இருமினாள். நான் இன்ஜெரா வார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இன்னும் இரண்டு ஞானப்பிள்ளைகள் உண்டு, கம்மாளன் மகன் ஒருத்தன், கீழ்த்தெருவில் ஒருத்தி. இருமல் கேட்டதுமே என் மனது அந்த இரண்டு பெயர்களையும் எடுத்து ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தது. யாருக்கு உடம்பு கெட்டி என்று பார்த்தது. மாவு தீய்ந்து புகை கண்ணைக் கரித்தபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. எழுத ஆள் இல்லை. அதனால்தான் அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்கள். சளி இரண்டே நாளில் போய்விட்டது.

அடுத்த வருஷம் ஷஷிதுவுக்குப் பெண் பிறந்தது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். பிர்க்கே போன பிறகு அவள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன்.

"ஞாயித்துக்கெழம எம்பதாம் நாளு. நீதான் தூக்கணும்."

"வேற யாரயாவது கூப்புடுடி."

சிரித்தாள். "பிகு பண்ணிக்காத. உன்ன விட்டா எனக்கு யாரு?"

"வேணாம் ஷஷிது. நான் வரல."

அவள் சிரிப்பு மெதுவாக அடங்கியது. "ராசியில்லன்னு பாக்குறியா? நான் அப்பிடி நெனக்கலடி. பிர்க்கே செத்தது ஒன்னாலயா?"

சொல்லியிருக்கலாம். உள்ளே யெஷி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"ஓ," என்றாள் ஷஷிது. "அப்ப ராசியில்லாதவ நான்னு சொல்ற. எவ பெத்தாலும் தங்கும், ஷஷிது பெத்தாத் தங்காது. அந்தத் தீட்டு உன் மேல ஒட்டிக்கும். ஒம் மக பொழச்சுக்கிட்டா இல்ல, இனிமே நாங்க எதுக்கு?" அவள் உதடு கோணியது. "எம் மக செத்தன்னிக்கு உன் தோள்லதாண்டி அழுதேன். இத நான் மன்னிக்கவே மாட்டேன், தங்குட். சாகுற வரைக்கும் மாட்டேன்."

"மன்னிக்காத," என்றேன்.

அவள் திரும்பி நடந்தாள். துணிக்கு வெளியே தெரிந்த குழந்தையின் கால் ஆடிக்கொண்டே போனது. யெஷி உள்ளேயிருந்து ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்தாள்.

"பாப்பாவுக்கு என்ன பேரும்மா வைக்கப் போறாங்க?"

"எனக்குத் தெரியாது," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.