இருநூற்றுப் பத்து கிலோ

அஞ்சுகிராமம் பங்க்கில் மீட்டர் ஐந்து லிட்டரைத் தாண்டியும் நிற்காமல் ஓடியபோது யூஜின் மீட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார். நாலரை லிட்டருக்குச் சற்று மேலே டாங்க் கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும். அவர் மச்சினன் சிலுவைமுத்து, வழக்கம்போல், பிக்கப்பின் பின்பக்கத்தைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். டாங்க்கில் காற்று அடைத்துக் கிடந்தால் கணக்குத் தப்பிவிடும் என்று அந்தக் குலுக்கலைப் பழக்கியதே யூஜின்தான். குலுக்கக் குலுக்க டீசல் உள்ளே இறங்கியது. கடைசியில் ஐந்து அறுபதில் நின்றது.

"அஞ்சு அறுவதா?" என்றார். பங்க் பையன் மீட்டரைக் காட்டினான். யூஜின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஐந்து அறுபதுதான்.

டாங்க்கைக் கழுத்துவரை நிரப்பிக் கிளம்பிய முட்டத்து பங்க்கிலிருந்து இந்த பங்க் வரை நாற்பத்திரண்டு கிலோமீட்டர். சக்கரம் வைத்த வீடான கேபினைப் பின்னால் மாட்டிக்கொண்டு இதே பாதையில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்திருந்தார். அதே விடியற்காலை, அதே நாற்பது கிலோமீட்டர் வேகம், தண்ணீர்த் தொட்டியும் கேஸ் சிலிண்டரும் நிறைய நிறைய. மூன்று பேரின் பைகளுக்குப் பதில் மணல் மூட்டைகள்கூட ஏற்றியிருந்தார். மூன்று தடவையும் லிட்டருக்கு ஒன்பதே கால் கிலோமீட்டர். இன்று ஏழரை! சவூதிப் பாலைவனத்தில் எண்ணெய் தேடும் கம்பெனிக்காக டீசல் பிக்கப்புகளில் கேபின் இழுத்த இருபத்திரண்டு வருடத்தில், கண்ணை மறைக்கும் மணல்காற்றில்கூட அவர் கணக்கு இப்படிக் குப்புற விழுந்ததில்லை.

இங்கே காற்றும் அவர் பக்கம்தான் இருந்தது. ஆகஸ்ட் கடைசி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று கொட்டாரம் தாண்டியதிலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது. ஒன்பதே கால் பத்தாக வேண்டிய நாளில் ஏழரையாகிவிட்டால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

முதலில் பங்க்கைச் சந்தேகப்பட்டார். ஐந்து லிட்டர் அளவுக் குடுவையைக் கொண்டுவரச் சொல்லிப் பிடித்துப் பார்த்தார். கோட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. பிறகு குனிந்து நான்கு சக்கரத்தையும் கேபினின் இரண்டு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடியிருந்தால் டிரம் கொதிக்கும். கொதிக்கவில்லை. ஆனால் கேபினின் டயர்கள் அடியில் பிதுங்கியிருந்தன. நேற்று மாலை அவரே காற்றடித்த டயர்கள்.

முன்சீட்டில் அவர் மனைவி செசிலி ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். யூஜின் ஊரில் இருக்கும் வருடமெல்லாம் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் பஸ்ஸில் போய், லாட்ஜ் கிடைக்காமல் மணலில் படுத்து, இடுப்பு பிடித்துத் திரும்புகிறவர்கள் அவர்கள். ஊருக்கு வந்த இரண்டாவது வருடம், மீன் பெட்டி ஏற்றும் பிக்கப்புக்குப் பின்னால் இழுத்துப் போக ஒரு வீடு கட்டினால் என்ன என்று யூஜினுக்குத் தோன்றியது. வடசேரியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் முருகதாஸ் செய்து தந்தான். இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தொட்டி. கட்டிலுக்கு அடியில் பெட்டி. யூஜின் அதைக் கேபின் என்றார். தெரு அதை யூஜினுக்க கப்பல் என்றது. வண்டி நம்பர் வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்த நடையில் செருப்புத் தேய்ந்தது வேறு கதை.

"விடுங்க. வேளாங்கண்ணிக்குப் போய்ச் சேந்தா போராதா?" என்றாள் செசிலி, சன்னல் வழியாக.

"போராது" என்றார் யூஜின். முருகதாஸுக்குப் போன் போட்டார். அவன் தூக்கத்திலிருந்து எடுத்தான்.

"ஏலே, பதினாறு கேஜ் தகடுன்னு சொல்லிட்டு தடிச்ச பதினாலு வச்சு அடிச்சியால? உண்மையச் சொல்லு."

"காலங்காத்தால என்ன அண்ணாச்சி இது? தகடு வாங்கும்போ நீங்களும் கூடத்தானே நிண்ணிய. நீங்க கல்யாணப் பொண்ணப் பாக்க மாதிரி தடவித் தடவிப் பாத்தியள்லா?"

"பொறவு டீசல் எங்கல போவுது?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? அங்கனயே கல்லு லாரி எடை போடுத மேடை ஒண்ணு உண்டு. ஏத்திப் பாத்துட்டுப் பொறவு ஏசுங்க."

இது யூஜினுக்கு நியாயமாகப் பட்டது. எடை என்றால் அவருக்கு ஒரு தனி மரியாதை. முட்டம் துறைமுகத்தில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை வாங்கி வீட்டு நிலையில் தொங்கவிட்டிருந்தார். இந்தப் பயணத்துக்கு யார் பையும் அதில் தொங்காமல் கேபினுக்குள் போகவில்லை. செசிலியின் பை பதினொன்று. சிலுவைமுத்துவின் பை ஒன்பது. அதிலிருந்து ஒரு ஜோடி பூட்ஸை எடுத்து வெளியே வைக்கச் சொன்ன பிறகு எட்டு. அப்படிப்பட்ட வீட்டில், அவரை மீறி ஓர் எலுமிச்சம்பழம் ஏறியிருக்க முடியாது. முருகதாஸ்தான் எங்கோ கை வைத்திருக்கிறான் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதியபடி வண்டியை எடை மேடைக்கு விட்டார்.

மேடையில் கேபினை மட்டும் நிறுத்தி, கொண்டியைக் கழற்றி, பிக்கப்பை முன்னால் நகர்த்தினார். கண்ணாடி அறைக்குள் நந்தனா என்று சட்டையில் பெயர் குத்திய பெண் உட்கார்ந்திருந்தாள். சிலுவைமுத்து ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லிப் பனைமரங்களின் பக்கம் போனான். போனவன் திரும்பவில்லை. சீட்டு வந்தது. ஆயிரத்து நூறு. பட்டறையில் மணல் மூட்டை உட்பட எல்லாம் நிறைத்து எடை போட்டு, பிளாஸ்டிக் உறையிட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்த பழைய சீட்டை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். எண்ணூற்றுத் தொண்ணூறு.

இருநூற்றுப் பத்து கிலோ! மூன்று வளர்ந்த ஆட்கள் கேபினுக்குள் உட்கார்ந்து வருகிறார்கள் என்று அர்த்தம்.  தகடு ஒரே ராத்திரியில் கனம் கூடிவிடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், இருநூறு கிலோவை டீசலில் மறைக்க முடியுமா? சிலுவைமுத்துதான் ஏதோ திருட்டுச் சரக்கு கடத்துகிறான், வேளாங்கண்ணி மாதா பேரைச் சொல்லி என்னைப் போலீசில் மாட்டப் பார்க்கிறான் என்று தோன்றியதும் அவருக்கு உடம்பெல்லாம் சூடேறியது. கேபின் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தார். மெத்தையைச் சுருட்டி எறிந்தார். கட்டில் பலகையைத் தூக்கினார்.

அம்மிக்கல். முதலில் கண்ணில் பட்டது அதுதான். பழைய சேலையில் சுற்றிக் கிடந்தது. பக்கத்தில் குழவி. அதற்கப்புறம் கிரைண்டர், அதன் கல்லைத் தனியே எடுத்துச் சாக்கில் கட்டி வைத்திருந்தது. தையல் மெஷின், இரும்புக் கால்களைக் கழற்றி. மறுபக்கத்துக் கட்டிலுக்கு அடியில் இரண்டு டிரங்குப் பெட்டிகள், செம்புப் பானை, பித்தளைச் சருவம், குத்துவிளக்கு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய குட்டுவப் பாத்திரங்கள். ஒரு குட்டுவத்தை எடுத்துத் திருப்பினார். விளிம்பில் உளியால் பெயர் வெட்டியிருந்தது: செசிலி, 14.5.84. இன்னொன்று. செசிலி. இன்னொன்று. எல்லாம் அவள் சீதனமாகக் கொண்டுவந்தவை. யூஜின் என்று பெயர் வெட்டிய பாத்திரங்களும் வீட்டில் உண்டு, அவர் கல்ஃபிலிருந்து வந்து வந்து வாங்கியவை. அதில் ஒரு கரண்டிகூட இங்கே இல்லை.

பார்த்துப் பார்த்துப் பிரித்து எடுத்திருக்கிறாள். ஒரு நாளில் செய்கிற வேலை அல்ல இது.

யூஜின் பேயறைந்தவர்போல் நின்றார். கதவுக்கு வெளியே செசிலி வந்து நின்றிருந்தாள். ஓடவில்லை, ஒளியவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவள்போல நின்றாள்.

"இது எப்ப ஏறிச்சு?" என்றார். கேட்க வேண்டியது அதுவல்ல என்று அவருக்கே தெரிந்தது. வாயில் அதுதான் வந்தது.

"நேத்து அந்திக்கு. நீங்க பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்த நேரம். முத்துதான் ஏத்தித் தந்தான்."

கோயிலில் வரிசை நீளம். இரண்டு மணி நேரம் நின்று, பயணத்துக்கு முன் பாவத்தை இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தார்.

"எங்க கொண்டு போற?"

"தூத்துக்குடியில எறங்கிக்கிடுவேன். நம்ம ஷெர்லி வீட்டு மாடியில ஒரு ரூம் சும்ம கெடக்கு. தையலு இருக்கு. எனக்குப் போதும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள், "நீங்க வேளாங்கண்ணிக்குப் போங்க. நேர்ச்சைய முடக்காண்டாம்."

"எத்தன நாளைக்கு?"

"அம்மிய எடுத்துட்டு வந்தவகிட்ட கேக்க கேள்வியா இது?"

கல் ஏற்றிய லாரி ஒன்று மேடைக்குப் பின்னால் வந்து நின்றது. யூஜின் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தார். அடித்தாரா? இல்லை. குடித்தாரா? இல்லை. இருபத்திரண்டு வருடம் ஒட்டகம் தின்னாத ரொட்டியைத் தின்று, வீடு கட்டி, மகள் ஷெர்லியைக் கட்டிக்கொடுத்து வந்தவர். தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுசன் என்பார்கள். அவருக்குள் ஒரு கோபம் எழும்பிப் பார்த்தது. பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் அப்படியே விழுந்தது.

"நான் உனக்கு என்னட்டி செஞ்சேன்?"

 செசிலி குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இந்த வருசம் பெப்ருவரி மாசம், கேஸ் முப்பத்தஞ்சு நாளுல தீந்து போச்சு. எப்பவும் முப்பத்தெட்டு நாளு வருமே, மூணு நாளு எங்க போச்சுன்னு கேட்டிய. ரெண்டு நாளு கேட்டிய. அடுப்பு டியூப மாத்திப் பாத்திய, கடைக்காரன்ட்ட சண்டைக்குப் போனிய. ஞாவகம் இருக்கா?"

இருந்தது. நன்றாகவே இருந்தது.

"எனக்குக் காய்ச்சலு. குளிருல ஒடம்பு தூக்கிப் போட்டுது. ராவும் பகலும் வெந்நி வச்சு வச்சுக் குடிச்சேன். அதான் அந்த மூணு நாளு. நீங்க அடுத்த கட்டிலுலதான் கெடந்திய."

யூஜின் வாயைத் திறந்தார். இருபத்தைந்து வருடக் கல்யாணத்தில் ஒரு மனிதன் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று அந்த நேரத்துக்கென்று இருந்திருக்கும். அது அவருக்குக் கிடைக்கவில்லை.

"எத்தன டிகிரி இருந்துச்சி?" என்றார்.

எப்போது வந்தானோ, கேபினுக்குப் பின்னால் நின்ற சிலுவைமுத்து, "அத்தான்!" என்று தலையில் கைவைத்தான். செசிலி கணவனையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றை இன்னொரு தடவை பார்த்த அலுப்பு மட்டும் இருந்தது. தன் காதில் விழுந்த தன் குரலைக் கேட்டு யூஜினுக்கே உடம்பு கூசியது. அடுத்த கட்டில். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம் இருக்குமா? அந்த ஒரு முழத்தில் ஒருத்தி மூன்று நாள் நடுங்கிக் கிடந்திருக்கிறாள், அவர் சிலிண்டரின் அடியில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்திருக்கிறார். அதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"அண்ணாச்சி, மேடையக் காலி பண்ணுங்க. லாரி நிக்குல்லா" என்று நந்தனா கண்ணாடிக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

திருப்பி விட்டால் ஒரு மணி நேரத்தில் முட்டம். இருநூற்றுப் பத்து கிலோவையும் இறக்கி, இருந்த இடத்தில் வைத்துவிடலாம். அம்மி அடுக்களையில் ஏறிவிடும். அவள் ஏறுவாளா? கையைப் பிடித்து இழுத்தால் வரக்கூடும், வந்து மறுபடியும் அந்த அடுத்த கட்டிலில் படுக்கக்கூடும். அதை நினைத்ததும் வண்டியைத் திருப்பும் எண்ணத்தை விட்டார்.

எழுந்து பெட்டிக்குள் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அங்கே கண்ணில் பட்டது. கனமானதையெல்லாம் கொண்டுபோய் வால் பக்கம் திணித்திருந்தார்கள். வால் கனத்தால் கேபின் ஆடும். எதிரே ஒரு பஸ் வேகமாகப் போனால் பிக்கப்பையும் சேர்த்து ரோட்டைவிட்டு இழுத்துப் போட்டுவிடும். முட்டத்திலிருந்து இதுவரை வந்ததே மாதா கிருபை.

"முத்து, லாரிக்காரன்ட்ட அஞ்சு நிமிசம் கேளு" என்றார்.

அம்மியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, சக்கர அச்சுக்கு நேர் மேலே நடுவில் வைத்தார். கிரைண்டர் கல்லை அதற்குப் பக்கத்தில். டிரங்குப் பெட்டிகளை இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிரித்தார். பாத்திரங்களுக்கு இடையே தன் லுங்கி இரண்டையும் துண்டையும் திணித்தார், ஒன்றோடொன்று உரசாமல் இருக்க. தையல் மெஷினை நிமிர்த்தி, சக்கரம் சுவரில் முட்டாமல் தலையணை கொடுத்து, மீன்பெட்டி கட்டும் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினார். வேர்வை கண்ணில் வழிந்தது. 

"பைய பைய கெட்டுங்க. ஊசித்தண்டு வளஞ்சிரப் பிடாது" என்றாள் செசிலி. எப்போது உள்ளே ஏறினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

முதல் முடிச்சைப் போட்டார். கயிறு புதிது, நழுவியது. செசிலி குனிந்து, முடிச்சு அவிழாமல் அதன்மேல் தன் ஆட்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். அவர் இரண்டாம் சுற்றைக் கொண்டுவந்து, கயிற்றின் இரண்டு நுனிகளையும் கைகளில் பிடித்தார். அவள் விரலை எடுத்தால் இழுத்து இறுக்கிவிடலாம். வெளியே லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். யூஜின் கயிற்றைத் தளரவும் விடாமல், இழுக்கவும் இழுக்காமல், அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். விரல் அங்கேயே இருந்தது.